உயர்ந்த ஹாண்டிலும் குறுகிய கேபிளும்

மோட்டார் சைக்கிளைச் செலுத்துவோன் அவ்வண்டியோடு மூன்று இடங்களிற் பொருந்துகின்றான். இருக்கையில் இடுப்பும், மிதியிற் பாதமும், ஹாண்டிலிற் கையும் பொருந்துகின்றன. இம்மூன்று இடங்களையும் கோடுகளால் இணைப்பின் ஒரு முக்கோணம் உண்டாகும். அம்முக்கோணத்தின் ஓர் உச்சியை மட்டும் மேலே உயர்த்தினால் உடலுக்கு யாது நிகழும், வண்டிக்கு யாது நிகழும் என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படும் பொருளாம். கைபிடித்தண்டு என எழுதுதல் தமிழுக்கு அழகெனினும், வீட்டிலும் கராச்சிலும் ஹாண்டில் என்றே யாவரும் வழங்குதலின் ஈண்டும் அச்சொல்லே ஆளப்படுகின்றது.

இதனை எழுதுபவன் சரித்திரம் கற்பிப்பவன்; பொறிகளைப் பற்றிக் கற்றவனல்லன். ஆயினும் நாளொன்றுக்குப் போகவர 28 கிலோமீற்றர் மோட்டார் சைக்கிளிற் செல்பவன். என் வண்டி 150 சி.சி. கொள்ளளவுடையது, ஓட்டப்பந்தய வண்டிகளின் சாயலிலே தாழ்ந்த, தட்டையான ஹாண்டிலோடு வந்தது. இரண்டு ஆண்டுகள் அதனைச் செலுத்திய பின்னர், முதற் பாடவேளையில் வெண்கட்டி பிடித்துக் கரும்பலகையில் எழுதும்போது சிறுவிரலும் மோதிரவிரலும் பலகையில் உராய்வதை நான் உணரவில்லை. இவ்விரு விரல்களுக்கும் உணர்வளிக்கும் அல்னார் நரம்பு உள்ளங்கையின் வெளியோரத்தில், மணிக்கட்டுக்கு அணித்தாகச் செல்கின்றது. கையை ஊன்றி நெடுநேரம் செல்வோர்க்கு அந்நரம்பு அமுக்கப்படுதல் இயல்பு. சைக்கிளோட்ட வீரரிடத்தும் இந்நோய் பெரிதும் காணப்படுவதாகும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் என்பன மரத்துப்போவதாயின் அது மீடியன் நரம்பின் குறை. மணிக்கட்டு மேல்நோக்கி மடிந்திருத்தலால் அது விளையும். எந்த விரல் மரக்கின்றது என்பதைக் கவனித்தால், ஹாண்டிலை உயர்த்துவதா, அன்றிப் பிடியின் கோணத்தை மாத்திரம் திருத்துவதா என்பதில் ஒரு தெளிவு பிறக்கும்.

கையிலே பாரம் வந்து சேர்வது எவ்வாறு? மனித உடலின் திணிவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இடுப்புக்கு மேலேயுள்ளது. அறுபது கிலோகிராம் நிறையுள்ள ஒருவரிடத்து அது நாற்பது கிலோகிராமாகும். இடுப்பைச் சுழலிடமாகக் கொண்டு இப்பாரம் முன்னோக்கிச் சாயும்போது உண்டாகும் திருப்பம், சாய்வுக்கோணத்தின் சைன் பெறுமானத்துக்கு நேர்விகிதமானது. பத்துப் பாகை சாய்ந்தால் அப்பெறுமானம் 0.17, முப்பது பாகை சாய்ந்தால் 0.5. எனவே நிமிர்ந்திருப்பவன் சற்றுக் குனிந்தாற் போதும், முதுகுத் தசைகளும் கைகளும் தாங்கவேண்டிய திருப்பம் மும்மடங்காகின்றது. தசைகள் களைக்குந்தோறும் மிகுதிப் பாரம் முழுவதும் உள்ளங்கைக்கே வந்துவிடும். இக்கணக்கை எனக்குச் செய்து காட்டிய பௌதிக ஆசிரிய நண்பர், அதைச் செய்து முடிக்க எடுத்த நேரம் ஒரு கோப்பை தேநீர் ஆறும் நேரத்திலும் குறைவே.

அங்ஙனமாயின் தாழ்ந்த ஹாண்டிலை ஏன் படைத்தனர் எனும் வினா எழும். அதற்கு விடை காற்றில் இருக்கின்றது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப உயர்வது. மணிக்கு 50 கிலோமீற்றரிற் செல்வோனை எதிர்க்கும் விசையிலும் 100 கிலோமீற்றரிற் செல்வோனை எதிர்க்கும் விசை நான்கு மடங்கு பெரிது. விரைந்து செல்வோன் முன்னே குனிந்திருப்பானாயின் அவ்விசை அவன் மார்பைத் தாங்கிப் பின்னே தள்ளும். கையின் பாரம் குறையும். நிமிர்ந்திருந்தாலோ, அதே காற்று அவனைப் பின்னோக்கித் தள்ள, அவன் ஹாண்டிலைப் பற்றித் தொங்க நேரும். ஆகவே தாழ்ந்த ஹாண்டில் பந்தயத் தடத்திலே ஆறுதல்; மாடும் ஆடும் பள்ளிச் சிறுவரும் குறுக்கிடும் நம் வீதிகளில், நாற்பதைத் தாண்டாத வேகத்திலே, அதுவே தண்டனை. தாங்குதற்குக் காற்றில்லாத இடத்தில் கையே தாங்கவேண்டியிருக்கின்றது.

இவ்வுண்மையை வண்டி செய்வோர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர் என்பதற்குச் சரித்திரத்திற் சான்றுண்டு. 1959 ஆம் ஆண்டுக்குரிய வண்டியாக இங்கிலாந்தின் ட்ரையம்ப் நிறுவனம் வெளியிட்ட பொன்னவில் என்னும் 649 சி.சி. மோட்டார் சைக்கிள் இரு நாடுகளில் இரு கோலங்களில் விற்கப்பட்டது. அமெரிக்காவுக்கு ஏற்றுமதியானவற்றில் உயர்ந்து அகன்ற ஹாண்டில் பொருத்தப்பட்டது. இங்கிலாந்தில் விற்கப்பட்டவற்றில் அதனிலும் தாழ்ந்தது பொருத்தப்பட்டது. அக்காலத்து இங்கிலாந்தின் இளைஞர் அதுவும் போதாதென்று, 1938 இல் திறக்கப்பட்ட ஏஸ் கபே போன்ற தேநீர்ச்சாலைகளிற் கூடி, போர்க்கின் கால்களிலேயே நேராகப் பூட்டும் குட்டைக் கைபிடிகளை மாற்றி, மணிக்கு 100 மைல் வேகத்தை எட்ட முனைந்தனர். அமெரிக்காவிலோ இதற்கு நேர்மாறான மோகம் பரவிற்று. தோளுக்கு மேலே கைகள் தூங்கும்படி நெடிதுயர்ந்த ஹாண்டிலைப் பொருத்தினர். குரங்கு கிளையிலே தொங்குவது போன்ற தோற்றம்பற்றி அதற்கு ஏப் ஹாங்கர் என்று பெயரிட்டனர். 1969 இல் வெளிவந்த ஈஸி றைடர் என்னும் திரைப்படம் அக்கோலத்தை உலகறியச் செய்தது. இவ்வழக்கம் மிகவே, அந்நாட்டின் பல மாநிலங்கள் சட்டத்தால் எல்லை வகுத்தன. கலிபோர்னியாவில், இருக்கையில் அமர்ந்தவனுடைய தோள் மட்டத்துக்கு மேல் 6 அங்குலத்துக்கு அதிகமாகக் கைகள் உயர்தல் கூடாது.

அண்மைக் காலத்து எடுத்துக்காட்டொன்று இவற்றினும் தெளிவானது. சென்னையிற் செய்யப்படும் ரோயல் என்பீல்ட் வண்டிகளில், 2018 இல் விற்பனைக்கு வந்த இன்ரசெப்டர் 650, கொன்ரினென்ரல் ஜி.ரி. 650 என்னும் இரண்டும் ஒரே 648 சி.சி. எஞ்சினும் ஒரே சட்டகமும் உடையன. முன்னதற்கு உயர்ந்து அகன்ற குழாய் ஹாண்டில். பின்னதற்குத் தாழ்ந்த இரு தனிக் கைபிடிகள். இங்கே கவனிக்கத்தக்கது யாதெனின், ஹாண்டிலைத் தாழ்த்திய வண்டியிலே மிதிகளையும் பின்னே தள்ளி வைத்திருக்கின்றனர். ஓர் உச்சியை அசைத்தவர்கள் முக்கோணத்தையே திருத்தியிருக்கின்றனர். நாமோ கடையில் ஒரு ஹாண்டிலை வாங்கி, அதனை மட்டும் மாற்றிவிட்டு, எல்லாம் முடிந்தது என்று எண்ணுகின்றோம்.

உயர்ந்த ஹாண்டில் வண்டியைத் திருப்புவதை இலகுவாக்கும் என்பது பலரது நம்பிக்கை. இது பாதி உண்மை. திருப்புவதற்கு வேண்டிய விசையைக் குறைப்பது, திரும்பும் அச்சிலிருந்து கைக்கு உள்ள செங்குத்துத் தூரமே. ஹாண்டில் அகன்றால் அத்தூரம் கூடும். வெறுமே உயர்ந்தால் அது பெரிதும் கூடாது. சந்தையிற் கிடைக்கும் உயர்ந்த ஹாண்டில்கள் பெரும்பாலும் அகன்றவையாகவும் இருத்தலின், அகலத்தின் பயனை உயரத்தின் பயனாக மயங்குகின்றனர். உயரத்தாலே மெய்யாக நிகழ்வது வேறு. உடல் நிமிர்ந்து பின்னே செல்ல, முன்சில்லின்மேலுள்ள பாரம் சிறிது குறைந்து பின்சில்லுக்கு மாறுகின்றது. முன்ரயர் பாதையைப் பற்றும் உணர்ச்சி கைக்குக் குறைவாகவே எட்டும். அன்றியும், நிமிர்ந்த முதுகெலும்பு நேரே நிற்குந் தூண் போன்றது. குழியில் விழும் அதிர்ச்சியெல்லாம் இருக்கையிலிருந்து நேராக அதன்மேல் ஏறும். கைநோவுக்கு மருந்து தேடியவன் இடுப்புநோவை விலைகொடுத்து வாங்குதலும் உண்டு. நான் அவ்வாறு வாங்கியவன்.

எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதை அறிதற்கு எளிய வழியொன்றுண்டு. வண்டியை நடு ஸ்ராண்டில் நிறுத்தி, அதன்மேல் வழக்கம்போல் அமர்ந்து, தோளைத் தளர்த்தி, முழங்கையைச் சற்றே மடித்துக் கைகளை முன்னே நீட்டிக் கண்களை மூடவேண்டும். கைகள் தாமாக நிற்கும் இடத்தில் ஒருவர் ஒரு கம்பையோ தும்புத்தடியையோ பிடித்துக்கொள்ள, அதற்கும் பழைய பிடிக்கும் இடைப்பட்ட தூரத்தை மேலும் பின்னுமாக இரு திசையிலும் அளக்கவேண்டும். என் அளவு மேலே 6 சென்ரிமீற்றர், பின்னே 3 சென்ரிமீற்றர். இவ்வளவை நான் எடுத்தது இரண்டாம் முறை மாற்றியபோதுதான். முதன்முறை கடையிலே கண்ணுக்கு அழகாகத் தோன்றிய, பழையதிலும் 12 சென்ரிமீற்றர் உயர்ந்த ஒன்றை வாங்கினேன். குழாயின் விட்டத்தை மட்டும் சரிபார்த்தேன். ஜப்பானிய, இந்திய வண்டிகளிற் பெரும்பாலும் அது 22 மில்லிமீற்றர், அதாவது 7/8 அங்குலம். ஹார்லி டேவிட்சன் வண்டிகளில் 1 அங்குலம். விட்டம் பொருந்தினால் ஹாண்டில் பொருந்தும் என்று கருதியதே என் அறியாமை.

பூட்டித் தந்தவர் முன்னொருகால் என்னிடம் படித்தவர். "சேர், கேபிளையும் மாத்த வேணும். வந்து சேர ரெண்டு நாள் செல்லும்" என்றார். மறுநாள் பரீட்சை மேற்பார்வை இருந்தமையால் நான் உடன்படவில்லை. பழைய கேபிள்கள் இழுபட்டு நின்றனவெனினும் எட்டின. வீதியில் நேராகச் சென்று வந்தேன், குறையொன்றும் காணவில்லை. மறுநாட் காலை மகளைப் பின்னே ஏற்றிக்கொண்டு படலையால் வெளியே வந்து, ஒழுங்கையிலே ஹாண்டிலை இடப்புறமாக முழுவதும் வளைத்தேன். நான் அக்சிலேற்றரை முறுக்கவில்லை. எஞ்சின் தானாக அலறிற்று. கிளச் பாதி விட்ட நிலையில் வண்டி பாய்ந்து எதிர்வீட்டுக் கிடுகுவேலியை முட்டிற்று. கிளச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டபோது வண்டி நின்றது. எஞ்சின் மட்டும் அலறிக்கொண்டேயிருந்தது. ஹாண்டிலை நேராக்கியதும் அது அடங்கிற்று. பிள்ளையின் முழங்காலில் வேலிக்கம்பி கீறி இரத்தம் கசிந்தது. "ஏன் அப்பா முறுக்கினனீங்கள்?" என்று கேட்டாள். நான் முறுக்கவில்லை என்று சொன்னதை அவள் நம்பினாளோ, அறியேன். அவ்வேலி இருந்த இடத்தில் ஒரு மதிலோ, வந்துகொண்டிருந்த ஒரு லொறியோ இருந்திருக்கலாம்.

நிகழ்ந்தது யாது என்பதை அறிய அக்கேபிளின் அமைப்பை அறிதல் வேண்டும். 1896 இல் இங்கிலாந்திற் காப்புரிமை பெற்ற ஏணெஸ்ற் பௌடன் என்பாரது பெயரால் வழங்கும் இக்கேபிள் இரு பகுதிகளாலானது. உள்ளே முறுக்கிய உருக்குக் கம்பி. வெளியே சுருளாகச் சுற்றிய கம்பியாலான உறை. கம்பி இழுக்கும், உறை அதனை எதிர்த்துத் தள்ளி நிற்கும். உறையின் இரு முனைகளும் தத்தம் குழிகளில் நன்கு பதிந்திருக்குமளவும், இடையிலே கேபிள் எப்படி வளைந்தாலும் கம்பியின் இழுப்பில் மாற்றமில்லை. சைக்கிள் பிரேக்கிலிருந்து விமானத்தின் சிறு கருவிகள்வரை இது பயன்படுவதற்குக் காரணம் இதுவே. ஆனால் உறையின் நீளம் போதாதாயின், ஹாண்டில் திரும்பும்போது கேபிள் முழுவதும் வில்லின் நாண்போல இறுகி, உறையின் முனை தன் குழியைவிட்டுச் சில மில்லிமீற்றர் கிளம்பும். உறை விலகினால் என்ன, கம்பி இழுபட்டால் என்ன, காபரேற்றருக்கு இரண்டும் ஒன்றே. அது பெற்றோலையும் காற்றையும் திறந்துவிடுகின்றது. நேரே செல்லும்போது தோன்றாத இக்குறை, முழுத் திருப்பத்தில், அதாவது வண்டி மிக மெதுவாகவும் நிலையின்றியும் நிற்கும் அந்நேரத்திலே தோன்றுவது இதன் கொடுமை.

ஆகவே ஹாண்டிலின் உயரத்தைத் தீர்மானிப்பது நம் விருப்பமன்று. அதனோடு பிணைந்துள்ளவற்றில் மிகக் குறுகியது எதுவோ அதுவே. அவற்றை எண்ணிப் பார்ப்போம்: அக்சிலேற்றர் கேபிள் (சில வண்டிகளில் இரண்டு), கிளச் கேபிள், முன் பிரேக்கின் எண்ணெய்க்குழாய் அல்லது கேபிள், இருபுறத்து ஆளிகளுக்குச் செல்லும் மின்கம்பிக் கற்றை. இவற்றுள் ஒன்று குறுகினும் முழுவதும் குறுகியதே. நீளமானதை வாங்கினாற் குறை நீங்கிவிடும் என்று கருதி, அளவுக்கு மிஞ்சிய நீளத்தை வாங்குதலும் நன்றன்று. மிஞ்சிய கேபிள் வளையமாகத் தொங்கிப் போர்க்குக்கும் சட்டகத்துக்கும் இடையே நசியும். கூர்மையாக மடியும் இடத்தில் உராய்வு மிகுந்து, அக்சிலேற்றரை விட்டபின்னும் அது திரும்பி வராது நிற்கும். பழைய கேபிளின் நீளத்தோடு ஹாண்டில் உயர்ந்த அளவையும், பின்னே வந்த அளவில் ஒரு பகுதியையும் கூட்டினாற் பெரும்பாலும் போதியதாகும். கேபிள் முன்னர்ச் சென்ற வழியிலேயே செல்லவேண்டும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. கழற்றுமுன் கைத்தொலைபேசியில் நாலைந்து படம் எடுத்துவைத்தல் நலம்.

முன்பிரேக் எண்ணெயால் இயங்குவதாயின் அதனைத் தனியே எடுத்துக்கூறல் வேண்டும். கேபிள் இழுபட்டால் எஞ்சின் அலறி நம்மை எச்சரிக்கும். குழாய் இழுபட்டால் ஒன்றும் சொல்லாது. பொருத்துவாயில் நாளடைவில் வெடித்து, வேண்டிய வேளையிற் கைவிடும். ஹாண்டிலை மாற்றும்போது பிரேக் எண்ணெய்க் கலத்தைக் கவிழ்க்காது நிமிர்த்தி வைத்திருந்தால் குழாயினுட் காற்றுப் புகாது. நீண்ட குழாய் பூட்டப்பட்டதாயின் காற்றை முற்றாக வெளியேற்றல் வேண்டும். எண்ணெய் அமுக்கத்தால் ஒடுங்காதது, காற்று ஒடுங்குவது. ஒரு குமிழி எஞ்சினும், நாம் நெம்பை அழுத்தும்போது அக்குமிழி ஒடுங்குமேயன்றிப் பிரேக் முழுவதும் பிடிக்காது. நெம்பு பஞ்சுபோல் உட்செல்லும். கலத்தின் மூடியில் எழுதியுள்ள டொட் 3 அல்லது டொட் 4 எனும் வகையையே ஊற்றவேண்டும். அவ்வெண்ணெய் தீந்தையை அரிக்குமாதலாற் பெற்றோல் தாங்கியை ஒரு துணியால் மூடிவைத்தல் அறிவுடைமை. என் வண்டியின் தாங்கியில் இன்றும் ஒரு தழும்பு உண்டு.

பூட்டும் வேலை கடினமன்று. ஆளிப் பெட்டிகளின் உள்ளே சிறு முளையொன்று இருக்கும். அது புகுவதற்கு ஹாண்டிலில் துளை வேண்டும். துளையிடுமுன் அமர்ந்து பார்த்து இடத்தைக் குறித்துக்கொள்க. இடம் பிழைத்துப் பக்கத்தில் மறுதுளை இட்டால் அவ்விடத்திலே குழாய் பலங்குன்றும். தனிக் கைபிடிகள் பூட்டிய வண்டிகளிற் குழாய் ஹாண்டிலைப் பொருத்த விரும்புவோர், போர்க்கின் இரு கால்களையும் மேலே இணைக்கும் வார்ப்புத் தகட்டைத் துளைத்துக் கிளாம்பு பூட்டுதலைக் கண்டிருக்கின்றேன். துளைக்கென வார்க்கப்படாத அத்தகட்டில் ஓட்டையிடுதல் உயிரோடு விளையாடுதல். அதற்கென்றே செய்த தகட்டை வாங்கி மாற்றுவதொன்றே வழி.

எல்லாம் பூட்டியபின் முன்சில்லைத் தரையினின்று உயர்த்தி, எஞ்சினை மெல்ல ஓடவிட்டு, ஹாண்டிலை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் ஆறுதலாகத் திருப்புக. எஞ்சின் ஓசையில் இம்மியும் மாற்றம் இருத்தலாகாது. அக்சிலேற்றரை முறுக்கிக் கையை எடுத்தால், ஹாண்டில் எந்நிலையில் நிற்பினும் அது தானே திரும்பவேண்டும். பிடியோ நெம்போ தாங்கியில் முட்டலாகாது; இடையிலே விரல் நசியும். கிளச் நெம்பில் வழமையான தளர்வு இரு கோடியிலும் இருத்தல் வேண்டும். இச்சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். ஒழுங்கையில் நான் செய்தது இச்சோதனையைத்தான். பிள்ளையைப் பின்னே வைத்துக்கொண்டு செய்தேன்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். 2019 ஆம் ஆண்டு சனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் குறித்த விபரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைத்தல் கூடாதெனத் தீர்ப்பளித்தது. நம் நாட்டிலும் பெரிய மாற்றம் செய்ய எண்ணுவோர் முன்னரே மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துக்கொள்வது நன்று. ஏப் ஹாங்கரை விரும்பும் மாணவர்க்கு இவ்வரி சிறப்பாக உரியது.

12 சென்ரிமீற்றர் உயர்ந்த அந்த ஹாண்டிலை நான் பத்து நாட்களுக்கு மேல் வைத்திருக்கவில்லை. இடுப்பு நொந்தது, மனமும் ஒப்பவில்லை. 6 சென்ரிமீற்றர் உயர்ந்ததை வாங்கி, புதிய கேபிள்களும் குழாயும் வந்து சேருமட்டும் ஐந்து நாள் பஸ்ஸிற் சென்றேன். மாற்றி மூன்று மாதங்களுள் மோதிரவிரலின் மரப்பு நீங்கிற்று. சிறுவிரலில் இன்னும் சிறிது உண்டு. மகள் மீண்டும் பின்னே ஏறுகின்றாள், ஆயினும் படலை தாண்டி ஒழுங்கையில் வண்டி நேரானபின்பே ஏறுவாள். முதல் 500 கிலோமீற்றர் ஓடியபின் கிளாம்புத் திருகாணிகளைப் பழைய மாணவரிடம் காட்டினேன். நான்கில் ஒன்று காற்சுற்று இளகியிருந்தது.